அடுப்பங்கரைக்கு வெளிச்சம் வந்த கதை

பாகூர்ச் செப்பேடுகள் தமிழக வரலாறு படிப்போர்க்குப் புதியவை அல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. அரச மரபு, கொடுத்தவர், பெற்றவர், கொடையின் எல்லை என எல்லாம் அவற்றில் உண்டு. அந்தக் கல்விச்சாலையில் கற்றோரும் கற்பித்தோரும் நாள்தோறும் உண்டிருப்பார்கள். அந்தச் சோறு எத்தகைய அறையில், எவருடைய கண்ணெரிச்சலில் வெந்தது என்பது செப்பேட்டின் கவலையன்று. அரசாணையிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

ஆயினும் மண்ணைத் தோண்டினால் முதலில் அகப்படுவது அடுக்களைதான். பாகூருக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது கிடைத்தவற்றில் மதுவும் எண்ணெயும் வந்திறங்கிய மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகள் பெரும்புகழ் பெற்றன. அவற்றோடு கிடைத்த உள்ளூர்ப் பானைச் சட்டிகளின் ஓடுகள் அந்தப் புகழைப் பெறவில்லை. கோயிலுக்கும் கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் வரலாறு எழுதிய அளவுக்கு நாம் அடுப்பங்கரைக்கு எழுதவில்லை.

இன்று வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் பழைய வீடுகள் வேகமாக இடிக்கப்பட்டுப் புதியவை எழுகின்றன. சமையலறையை மாற்றிக் கட்ட முனையும் குடும்பம் கேட்பவை பெரும்பாலும் மூன்று: வெளிச்சம் வேண்டும், புழங்க இடம் வேண்டும், சாமான் வைக்க வசதி வேண்டும். எளிய கோரிக்கைகள்தாம். ஆனால் சிறிய வீட்டில் இந்த மூன்றும் ஒரே சுவருக்குப் போட்டியிடுகின்றன. சன்னல் வைத்த இடத்தில் அலமாரி வைக்க இயலாது. அலமாரி முன்தள்ளினால் நிற்க இடமில்லை. இந்தப் போட்டியில் எது வென்றது, தீர்ப்புச் சொன்னவர் யார் என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிச் சென்றால் அடுப்பங்கரையின் வரலாறு ஓரளவு துலங்கும்.

பெயர்கள்

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'அட்டில்' என்பது பழைய இலக்கியச் சொல். 'அடு' எனும் சமைத்தற்பொருள் வினையிலிருந்து பிறந்தது. அடுக்களை, அடுப்பங்கரை இரண்டும் பேச்சில் வாழ்பவை. கோயிலுக்கு மடைப்பள்ளி. ஐரோப்பியர் வருகைக்குப் பின் போர்த்துகீசிய மொழிவழி 'குசினி' வந்தது. புதுச்சேரியிலும் இலங்கையிலும் அது நெடுங்காலம் வழங்கியது. அதன்பின் நிலைபெற்றதே நாம் இன்று எழுதும் 'சமையலறை'.

இவற்றுள் 'அடுப்பங்கரை' என்ற சொல் சிந்தனைக்குரியது. ஆற்றுக்குக் கரை இருப்பதுபோல அடுப்புக்கும் ஒரு கரை. அச்சொல் நெருப்பைச் சுட்டுகிறது. நெருப்பின் ஓரத்தைச் சுட்டுகிறது. நான்கு சுவர்களைச் சுட்டவில்லை. 'சமையலறை' என்னும்போதுதான் அது ஓர் 'அறை' ஆகிறது. அறை என்றானபின் அதற்கு நீள அகலம் உண்டு, சன்னல் உண்டு, வரைபடத்தில் இடமும் உண்டு.

இருட்டுக்கு இருந்த காரணங்கள்

வில்லியனூரும் பாகூரும் 1880இல் பிரெஞ்சு அரசு உள்ளாட்சிக் கொம்யூன்களை அமைத்தபோதே கொம்யூன்களாக இருந்தவை. பாகூர் ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் பூமி. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் அதற்கு உண்டு. இங்கே வசதியுள்ள வேளாண் குடும்பத்தின் வீடு தமிழ்நாட்டின் கடலோர மாவட்ட வீடுகளிலிருந்து வேறுபட்டதன்று. தெருவில் திண்ணை, உள்ளே நுழைந்தால் முற்றமும் தாழ்வாரமும், அதற்கும் பின்னால் அடுப்பங்கரை, அப்பால் கிணறும் தோட்டமும். வசதியற்றவர் வீட்டில் ஒரே அறை. அதன் மூலையில் அடுப்பு, அல்லது வெளியே கீற்றுச் சாய்ப்பின்கீழ் அடுப்பு.

வசதியுள்ள வீட்டிலும் அடுப்பங்கரை இருட்டாகவே இருந்தது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மண்சுவர் கூரையின் பாரத்தைத் தாங்கவேண்டும். அதில் பெரிய திறப்பு வைத்தால் சுவர் பலமிழக்கும். சன்னலுக்கு மரம் வேண்டும், தச்சருக்குக் கூலி வேண்டும். விறகடுப்புக்குக் காற்று பகை; சவுக்கு மிலாறும் தென்னை மட்டையும் எரியும் அடுப்பில் காற்றடித்தால் தழல் ஒருபக்கம் சாயும், பொறி கூரையில் ஏறும். மேலே கீற்றோ விழலோ வேய்ந்திருந்தால் ஊரே எரியக்கூடும். புகைக்கும் பயன் இருந்தது. கூரையில் பூச்சி அண்டாமல் காத்தது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்ட விதைச் சுரைக்காயையும் சோளக்கதிரையும் வண்டரிக்காமல் வைத்தது. இவற்றோடு கண்ணேறு பற்றிய அச்சமும் சாதித் தீட்டும் சேர்ந்தன. சமைக்கும் சோற்றைப் பிறர் பார்க்கலாகாது என்ற விதி சன்னலுக்கு எதிரான விதியும் ஆயிற்று.

ஆக, இருட்டு ஒரு முடிவு. வீட்டுக்கு அதனால் பல நன்மைகள் விளைந்தன. விலையை மட்டும் அந்த அறையில் நாள்தோறும் பல மணிநேரம் குந்தியிருந்தவள் கொடுத்தாள். இந்தக் கணக்கை மறந்துவிட்டு மண்பானைச் சமையலின் மணத்தைப் புகழ்வது எளிது.

சாமான் வைக்கும் வகையில் பழைய அடுப்பங்கரை கெட்டிக்காரத்தனமானது என்பதையும் சொல்லவேண்டும். தடித்த மண்சுவரைக் குடைந்து மாடங்கள் வைத்தார்கள். உப்பும் புளியும் விளக்கும் அவற்றில் இருந்தன. மாடம் சுவரின் கனத்துக்குள் அடங்குவதால் அறையின் இடத்தில் ஒரு விரற்கடை கூடக் குறைவதில்லை. உத்தரத்தில் உறி தொங்கியது. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தில் பாலும் மோரும் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப்பானை. தலைக்குமேல் பரண். நெல்லுக்குக் குதிர். தரையில் குந்திச் சமைக்கும் உடம்புக்கு ஏற்றபடி, அன்றாடம் வேண்டியவை கையெட்டும் தரைமட்டத்திலும் எப்போதோ வேண்டியவை தலைக்கு மேலும் இருந்தன.

அடுப்பைத் திருத்த வந்தவர்கள்

இந்த அறையைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டில் இரண்டு வேறு திசைகளில் எழுந்தது.

ஒன்று ஐரோப்பாவில். முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் உழைப்பாளர் குடியிருப்புகளைப் பெருமளவில் கட்டியது. அதற்காக 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். இரயில் உணவுப்பெட்டியின் சமையலறையைப் பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை அடி நடக்கவேண்டும் என்று கணக்கிட்டு உருவாக்கியது. சன்னலையொட்டி வேலை மேசை; எதிரெதிர்ச் சுவர்களில் அடுப்பும் அலமாரிகளும்; மாவுக்கும் பருப்புக்கும் பெயர் பொறித்த உலோக இழுப்பறைகள். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்று நகரக் கடைகளில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்கப்படுவதற்கு அது முன்னோடி. சுவருக்கான போட்டியை அவர் தீர்த்த விதம் தெளிவானது: குறுகிய பக்கம் வெளிச்சத்துக்கு, நீண்ட பக்கங்கள் சாமானுக்கு. ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்கமுடியும். சமைப்பவளை அது குடும்பத்திலிருந்து தனிமைப்படுத்தியது என்று பின்னாளில் பெண்ணியவாதிகள் குறைகூறினர். அதை வடிவமைக்கும் முன் தாம் சமைத்ததே இல்லை என்று ஷூட்டே-லிஹோட்ஸ்கியும் முதுமையில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு திசை வார்தா. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில், 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் மகன்வாடியில் இயங்கியது. எண்ணெய்ச் செக்கும் கைக்குத்தல் அரிசியும் ஆராயப்பட்ட அதே வளாகத்தில் புகைபோக்கி வைத்த மண் அடுப்பும் உருவானது. 'மகன் சூல்ஹா' என்று அதற்குப் பெயர். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு பல பாத்திரங்களை ஒருசேர ஏற்றும் புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். கோடிக்கணக்கானோர்க்குப் புகையற்ற சமையலறை என்ற பொருள்பட அவர் எழுதிய ஆங்கிலச் சிறுநூல் 1950களில் சென்னையிலிருந்து வெளிவந்தது. ராஜுவின் அக்கறை அடுப்போடு நிற்கவில்லை என்பதை அந்தத் தலைப்பே காட்டுகிறது. அவர் எழுதியது சமையலறையைப் பற்றி.

அந்த ஆண்டுகளில் வில்லியனூரும் பாகூரும் இந்தியாவின் எல்லைக்குள் இல்லை. 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் அவை இணைந்தன. இந்திய அரசின் கிராமத் திட்டங்கள் அதற்குப் பின்னரே இங்கு வரமுடிந்தது.

அரசின் கையில் ராஜுவின் சமையலறை மறுபடியும் அடுப்பாகச் சுருங்கியது. 1980களின் நடுவில் தொடங்கி 2002 வரை நடந்த தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின்கீழ் நாடு முழுதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. இந்திரா குடியிருப்புத் திட்ட வீடுகளிலும் புகையில்லா அடுப்பு ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. அடுப்புகள் பல விரைவிலேயே கைவிடப்பட்டன. வாய் அளவு வீட்டுப் பானைக்குப் பொருந்தவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் யார் துடைப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இலக்கை எண்ணிக்கையில் முடிக்கும் அவசரத்தில், சமைப்பவளைக் கேட்கும் வழக்கம் இல்லை. பின்னர் ஒடிசாவில் எஸ்தர் டுஃப்லோவும் அவரது கூட்டாளிகளும் 2,500க்கு மேற்பட்ட குடும்பங்களில் செய்த ஆய்வும் ஏறத்தாழ இதையே காட்டியது. புதிய அடுப்பால் முதலாண்டில் புகை குறைந்தது. பராமரிப்பும் பயன்பாடும் தளர்ந்தபின் அந்த நன்மை மறைந்தது.

அறை என்ன செய்யும்?

அடுப்பு மட்டுமன்றி அறையும் முக்கியம் என்பதை நம் பகுதி வீடுகளிலேயே அளந்து காட்டியவர்கள் சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள். கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 400க்கு மேற்பட்ட கிராம வீடுகளில் சமையற்புகையை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். அவர்கள் எரிபொருளை மட்டும் பதிவுசெய்யவில்லை. சமையல் நடக்கும் இடம் தடுப்பில்லாத உள்மூலையா, தடுப்புள்ள உள்ளறையா, வீட்டுக்கு வெளியே தனி அறையா, திறந்தவெளியா என்று வகைப்படுத்தினார்கள். ஒரே விறகை எரிக்கும் இரண்டு பெண்கள் சுவாசிக்கும் புகை, அவர்கள் நிற்கும் இடத்தின் அமைப்பால் வேறுபட்டது. வீட்டில் சமைக்காதவர்களும், குறிப்பாக முதியோரும், அந்தப் புகையில் பங்கு பெற்றார்கள்.

வீட்டுப்புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு சன்னலை எங்கே வைப்பது என்ற பேச்சு அழகைப் பற்றியது மட்டுமன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குந்தியவள் நின்றாள்

நம் அடுப்பங்கரையின் அமைப்பைத் தலைகீழாக மாற்றியது சமையல் எரிவாயு. பம்பாயில் 1955இல் அறிமுகமாகி, 1965இல் இண்டேன் வழியாகப் பரவத் தொடங்கி, நெடுநாள் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் காத்திருப்புப் பட்டியலாகவே இருந்து, கிராமங்களை அது பெருமளவில் எட்டியது அண்மைப் பத்தாண்டுகளில்தான். தமிழ்நாட்டில் 2006இல் வந்த ஆட்சியின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் ஒரு கட்டம். நடுவண் அரசின் 2016 உஜ்வலா திட்டம் இன்னொரு கட்டம்.

எரிவாயு அடுப்பு உருளையின் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். எனவே மேடை வந்தது. மேடை வந்ததும் குந்தியிருந்தவள் நின்றாள். தரையைச் சுற்றி அமைந்திருந்த உலகம் முழுவதும் இரண்டே முக்கால் அடி மேலே ஏறியது. தரையில் இருந்த அம்மிக்கு மாற்றாக மின் அரைவை. 1950களில் கோயம்புத்தூரில் பிறந்த கிரைண்டர் ஆட்டுக்கல்லின் வேலையை எடுத்துக்கொண்டது. 1959 முதல் பிரஷர் குக்கர். பிறகு மிக்ஸி, குளிர்பெட்டி. ஒவ்வொன்றும் தனக்கொரு சமதளமும் மின் இணைப்பும் கேட்டது. அதே சமயம் நெல்லை வீட்டில் வைத்துக் குத்தும் வழக்கம் போய், ஆலையரிசி மூட்டையாக வந்தது, குதிர் பொருளற்றதாயிற்று. அறையின் பெரும்பகுதியை அடைத்திருந்த ஒரே பொருள் நீங்க, அந்த இடத்தில் நூறு சிறு பொருள்கள் வந்து நின்றன.

வீடும் மாறியது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் கீற்று வீடுகளுக்குச் செய்ததை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். குடிசையைக் கல்வீடாக்கப் புதுவை அரசு பெருந்தலைவர் காமராசர் நூற்றாண்டு வீட்டுத் திட்டத்தின்கீழ் மானியம் அளித்தது. கான்கிரீட் தளம் வந்தது நன்மையே. ஆனால் மண்சுவரின் கனம் போயிற்று. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரில், அதிலும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில், மாடம் குடைய வழியில்லை. எனவே கடப்பாக்கல் பலகைகள் அறைக்குள் நீட்டின. மேலே பரணுக்குப் பதில் கான்கிரீட் 'லாஃப்ட்'. அதைக் கொத்தனார் சுற்றிலும் இழுத்துவிட்டால் சன்னலுக்கு நெற்றிபோல் ஒரு நிழல் விழும். புகைபோகும் மேல்துவாரமும் அதற்குப்பின் மறைந்துபோகும். கருநிறக் கடப்பாக்கல் இருக்கும் ஒளியையும் விழுங்கும். சாமானுக்கும் வெளிச்சத்துக்கும் நடந்த போட்டியில் சாமான் வென்ற சமையலறைகள் இப்படித்தான் உருவாயின. பல வீடுகளில் கொல்லைப்புறத் தகரச் சாய்ப்பின்கீழ் விறகடுப்பு இன்னும் எரிகிறது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கூட்டம் கூடும் நாள்களுக்கும். எரிவாயு வந்ததால் புகை முற்றும் ஒழிந்தது என்று சொல்லிவிட முடியாது.

இந்த மண்ணுக்கு ஏற்ற சன்னல்

மாற்றிக் கட்டுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது அக்கினி மூலை எது என்பதை. தென்கிழக்கில் காலை வெயில் முந்தி விழும் என்பது உண்மை. ஈரம் உலரும், பாத்திரம் காயும். ஆனால் இந்தக் கடற்கரையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலுமிருந்து வீசுகிறது. விறகெரியும் வீட்டில் அடுப்பு அந்த மூலையில் இருந்தால் புகை முழுவதும் வீட்டுக்குள்தான் திரும்பும். பழைய வீடுகளில் முற்றம் இந்தப் புகையை வாங்கி வானத்துக்கு அனுப்பியது. முற்றத்தை மூடிவிட்டு மூலையை மட்டும் பிடித்துக்கொள்வது மரபைப் பாதி மட்டும் காப்பாற்றுவது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். ஆகவே கிழக்குச் சன்னலுக்கு நல்ல அகலமான சன்ஷேடு வேண்டும். இல்லையேல் முதல் மழைக்காலத்திலேயே சன்னல் நிரந்தரமாக அடைபடும். சன்னலுக்கு நேர்கீழே அடுப்பை வைத்தால் காற்றில் தழல் அலையும். அங்கே தொட்டியும் அரியும் இடமும் இருக்கட்டும், அடுப்பு ஓரமாகத் தள்ளி இருக்கட்டும். பலகைகளும் பரணும் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் போதும். ஓட்டு வீடாயின் இரண்டு மூன்று கண்ணாடி ஓடுகளைச் செருகினாலே பகலில் விளக்கு வேண்டாம். மங்களூர் ஓடு பரவிய காலம் முதல் தென்னிந்தியர் அறிந்த மலிவான உத்தி அது. மேடையின் உயரம் சமைப்பவளின் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே இருக்கவேண்டும். கொத்தனாரின் வழக்கமான அளவு அவளுடைய அளவாக இருக்கவேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு: சுவரருகே அவளை நிற்கச்சொல்லிக் கரிக்கோட்டால் குறிக்கவேண்டும்.

இதில் எதற்கும் பெருஞ்செலவில்லை. சன்னலை வைக்கும் செலவும் அதைத் தவறான இடத்தில் வைக்கும் செலவும் ஒன்றே. பிறகு ஏன் இது அரிதாக நடக்கிறது? அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். அந்தக் கதையின் பெரிய இராஜஸ்தானி வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. சமையலறையைச் சற்று விரிவாக்கலாமே என்று மருமகள் சொல்வதுதான் எடுபடுவதில்லை. வீட்டைக் கட்டுபவர் ஒருவர், அந்த அறையில் வாழ்நாளைக் கழிப்பவர் மற்றொருவர் என்றிருக்கும்வரை அடுப்பு மாறும், எரிபொருள் மாறும், மூலை மாறாது. மகன்வாடி அடுப்பு முதல் மானிய வீடு வரை நாம் பார்த்த ஒவ்வொரு திருத்தமும் ஏதோ ஒன்றைத் தீர்த்தது, இதைத் தொடவில்லை.

புதுச்சேரி நகரில் வைசியர் வீதியின் தமிழ் வீடுகளை மீட்டெடுத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. தெருவைப் பார்த்த திண்ணைகளும் தூண்களும் மீண்டன, போற்றத்தக்கது. கொம்யூன் கிராமங்களில் அத்தகைய கவனம் இல்லை, அடுப்பங்கரைக்கோ எங்குமே இல்லை. அந்தக் கரிபடிந்த அறைகளைக் காக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடியட்டும். ஆனால் இடிக்குமுன் ஒரு நாடாவை எடுத்து மாடத்தின் ஆழம், உறிக் கொக்கியின் உயரம், சன்னலின் அகலம் ஆகியவற்றை யாரேனும் அளந்து எழுதிவைக்கலாம். அங்கே ஐம்பது ஆண்டு சமைத்த பாட்டிமார் பலர் இன்னும் இருக்கிறார்கள். எது எங்கே இருந்தது, எது கைக்கெட்டியது, எது எட்டாமல் போயிற்று என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பின் புதிய சமையலறையின் வரைபடத்தைத் தொடங்கினால் நல்லது.